அவசரப்படாத எண்டர்ஸ்

தட்டம்மைத் தடுப்பூசி பாதுகாப்பானதா என்னும் ஐயம் புதியதன்று. அதை உருவாக்கியவருக்கே அந்தக் கேள்வி இருந்தது; விடை தேடுவதில் அவர் பல ஆண்டுகளைச் செலவிட்டார். அவர்தான் அமெரிக்க அறிவியலறிஞர் ஜான் பிராங்க்ளின் எண்டர்ஸ்.

1897-இல் கனெக்டிகட் மாநிலத்தில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். முதல் உலகப் போரின்போது விமானப் பயிற்சியாளர்; பின்னர் சிலகாலம் வீடு, மனை விற்பனை; அதன்பின் ஹார்வர்டில் ஆங்கில இலக்கிய மாணவர். உடன் தங்கியிருந்த நண்பர் ஒருவர் பேராசிரியர் ஹான்ஸ் ஜின்சரின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு அவரை அழைத்துச் செல்ல, வாழ்க்கை திசை மாறியது. 1930-இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 33.

போலியோ தீநுண்மியை நரம்பல்லாத திசுக்களிலும் வளர்க்க முடியும் என்று 1949-இல் நிறுவினார். 1954-இல் நோபல் பரிசு வந்தது. இளம் துணை ஆய்வாளர்களான தாமஸ் வெல்லர், ஃப்ரெடரிக் ராபின்ஸ் ஆகியோருடன் பகிர்ந்தே அதைப் பெறுவேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அதே ஆண்டில், பாஸ்டன் அருகே ஒரு விடுதிப் பள்ளியில் தட்டம்மை பரவியது. எண்டர்ஸின் உதவியாளர் தாமஸ் பீபிள்ஸ் அங்கு சென்று மாணவர்களிடம் மாதிரிகள் சேகரித்தார். 13 வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து தீநுண்மி பிரித்தெடுக்கப்பட்டது. மனித உயிரணுக்களிலும் கோழிக் கருவிலும் அதை மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்தனர்.

1958-இல், மனவளர்ச்சி குன்றிய சிறார்களுக்கான பள்ளியொன்றில் முதற்சோதனை நடந்தது. அத்தகைய சிறாரிடம் சோதிப்பதை இன்றைய மருத்துவ அறம் எளிதில் ஏற்காது. எதிர்ப்பாற்றல் உருவாயிற்று, ஆனால், பலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. எண்டர்ஸ் குழு அதை மறைக்கவில்லை; ஆய்விதழில் வெளியிட்டது. தீநுண்மியை மேலும் வலுவிழக்கச் செய்யும் பணி தொடர்ந்தது.

1963-இல் ஊசிக்கு உரிமம் கிடைத்தது. அப்போதும் காய்ச்சலைத் தணிக்க மற்றொரு ஊசி உடன் தேவைப்பட்டது. 1968-இல் மாரிஸ் ஹில்மன் மேலும் வலுக்குறைந்த வகையை உருவாக்கியபின் அத்தேவை நீங்கியது. தம் தீநுண்மியைக் கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் எண்டர்ஸ் தாராளமாக வழங்கியதால்தான் இது இயன்றது. 1961-இல் நாளிதழ் ஒன்று அவரைப் பாராட்டியபோதும், உடனுழைத்தோருக்கும் அந்தப் பெருமை உரியது என்று அவ்விதழுக்கே எழுதினார்.

தட்டம்மை கண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை அழற்சி வருகிறது. ஊசிக்குப் பின்னர் அது பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவிலேயே பதிவாகியுள்ளது. குழந்தைப் பருவத்தில் நோயும் காணாமல் ஊசியும் பெறாமல் வளர்ந்த பெரியவர்களும் அதைப் போட்டுக்கொள்ளலாம். கருவுற்ற பெண்களுக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியோருக்கும் அது கூடாது. சுற்றியிருப்போர் பெறும் ஊசியே அவர்களுக்குக் காப்பு. ஒருவர் பெறும் நன்மை பிறரையும் சென்றடைவதைப் பொருளியலில் புறப்பயன் என்போம்.

எண்டர்ஸ் 1985-இல் காலமானார். அதே ஆண்டில்தான் இந்தியாவின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தட்டம்மை ஊசியுடன் தொடங்கியது. 2017-இல் தமிழகத்தில் தட்டம்மை - ரூபெல்லா முகாம் நடந்தபோது கைப்பேசி வதந்திகளை நம்பித் தயங்கிய பெற்றோர் பலர். ஐயம் கொள்வதில் பிழையில்லை. ஆனால், எண்டர்ஸ் தம் ஐயத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றார். நாம் நம் ஐயத்தை அரசு மருத்துவமனைக்காவது கொண்டுசெல்ல வேண்டும்.