பெரியாற்றணை கண்ட பென்னிகுயிக் துரையவர்கள்

மேலூர்த் தாலுகாவில் நன்செய் உடைய நம் சங்கத்துக் குடும்பங்களில் ஜான் பென்னிகுயிக் என்னும் பெயரைக் கேளாதார் இலர். அவருடைய சரித்திரத்தை முறையாக அறிந்தார் சிலரே யாதலின் ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

இவர் 1841-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி புனாவில் ஜனித்தார். தந்தையாரும் தமையனாரும் 1849-இல் சிலியன்வாலா யுத்தத்தில் ஒருசேர மடிந்தனர். அடிஸ்கோம்பு இராணுவக் கலாசாலையிற் பயின்று, 1860-இல் எஞ்சினீயராக இந்தியா வந்தார்.

மேல்கடலிற் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் இவருக்கு முந்தியது. சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789-லேயே அதனைக் கருதினார், பொருள் போதவில்லை. 1808-இல் கால்டுவெல் என்னும் துரை, ஆகாத காரியமென்று எழுதிவிட்டார். தாதுவருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் மாண்ட பிறகே இராஜாங்கத்தார்க்கு இதன் அவசரம் விளங்கிற்று. 1882-இல் திட்டம் வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 1886 அக்டோபர் 29-இல் 999 வருஷ உடன்படிக்கை ஏற்பட்டு, மறுவருஷம் வேலை தொடங்கிற்று.

காட்டாற்று வெள்ளம் அஸ்திவார வேலையைப் பன்முறை வாரிக்கொண்டு போயிற்று. விஷசுரத்தாலும் பேதியாலும் கூலியாட்கள் பலர் மாண்டனர். அவர்தம் பெயரைச் சொல்வார் இன்று யாருளர்? துரையவர்கள் தம் சொத்தை விற்று அணையை முடித்தாரென்று நம் நாட்டார் சொல்லும் கதை சர்க்கார் ஏடுகளிற் காணப்படுவதன்று. அஃதின்றியும் அவர் பெருமை குறையாது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் 155 அடி உயர அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கமும் அமைந்தது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். சுரங்கம் கடந்த நீர் வைகையிற் சேர்ந்து, பேரணையிற் பிரிந்து, கால்வாய் வழியே மேலூர் வயல்களுக்கு வந்தது.

துரையவர்கள் 1896-இல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் எஞ்சினீயரிங் கலாசாலைக்குத் தலைவரானார். 1911 மார்ச்சு 9-இல் காலமானார்.

அணைக்கோ அப்பொழுது வயது பதினாறே. கசியும் நீர் காரையிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்லுமாதலின், 1930-களிலும் 1960-களிலும் துளையிட்டுச் சிமெண்டுக் கரைசலைச் செலுத்தினர். கட்டினவர்க்குச் சிலை வைக்கின்றோம். பழுது பார்த்தவர் பெயர் ஒருவர்க்கும் தெரியாது. 1979-இல் குஜராத்து மோர்வி அணை உடைந்து பல்லாயிரவர் மாண்டனர். அதன்பின் கேரளத்தார்க்கு மூண்ட அச்சத்தை வீணென்று தள்ளுதல் நியாயமன்று. அணையின்கீழ் வாழ்வோர் அவரே. நீர்மட்டம் 136 அடிக்குத் தாழ்த்தப்பட்டது. அணையின் தலைமேற் கான்கிரீட்டுப் பாரம் ஏற்றி, இரும்பு வடங்களாற் பாறையோடு பிணித்து, பின்புறம் கான்கிரீட்டு அணைவும் கொடுத்தனர். 142 அடிவரை தேக்கலாமென்று சுப்ரீம் கோர்ட்டார் 2006-இல் தீர்ப்பளித்து, 2014 மே 7-இல் மீண்டும் உறுதிசெய்தனர். அவ்வருஷம் நவம்பரில் நீர் அம்மட்டத்தை எட்டிற்று.

எனினும் பக்கத்திலுள்ள சிற்றணையை வலுப்படுத்தும் வேலை எஞ்சிநின்றது. அதற்கு இடையூறான 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறையார் 2021 நவம்பரில் தந்த அனுமதி, அம்மாதத்திலேயே இரத்தாயிற்று.