மங்காப் புகழ் பெற்ற ஓவியர்



ஓவியம் வரைய விரும்பாத சிறுவர் சிறுமியர் மிகச் சிலரே. இக்காலத்தில் 'மங்கா' எனப்படும் ஜப்பானியப் படக்கதை நூல்களை விரும்பிப் படிப்போர் பலர். படிப்பதோடு நில்லாமல், அவற்றைப் போலத் தாமும் வரைய வேண்டும் என்று ஆசை கொள்வோரும் உளர். அவர்களுக்காக வரையக் கற்பிக்கும் நூல்கள் பல கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது? இவ்வினாவிற்கு விடை தரும் வாழ்க்கை வரலாறு ஒன்று உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே 'மங்கா' என்னும் பெயரில் வரையக் கற்பிக்கும் நூலை வெளியிட்ட கட்சுஷிக்கா ஹொக்குசாய் என்னும் ஓவிய மேதையின் வரலாறே அது.

பிறப்பும் இளமையும்

ஹொக்குசாய் 1760ஆம் ஆண்டு ஜப்பானில் எடோ நகரில் பிறந்தார். அந்நகரமே இன்று தோக்கியோ என வழங்குகிறது. கண்ணாடி செய்யும் ஒருவரின் இல்லத்தில் அவர் வளர்ந்தார் என்பர். ஆறு வயது முதற்கொண்டே கண்ணில் பட்டவற்றையெல்லாம் வரையும் பழக்கம் அவரிடம் இருந்தது. செல்வக் குடியில் பிறவாத அவர், சிறு வயதிலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது. முதலில் நூல்களை வாடகைக்கு விடும் கடை ஒன்றில் பணி செய்தார். அங்கிருந்த படநூல்களே அவருக்கு முதற் பள்ளிக்கூடமாயின.

பதினான்கு வயதளவில் மரச்செதுக்குத் தொழிலைக் கற்கத் தொடங்கினார். அக்காலத்து ஜப்பானில் படங்களை மரப்பலகை கொண்டே அச்சிட்டனர். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்த படத்தைப் பலகையின்மேல் கவிழ்த்து ஒட்டுவர். கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு மற்ற இடங்களைச் செதுக்குவர். பிறகு மை பூசித் தாளைப் பதித்து எடுப்பர். ஓவியர் வரைந்த முதற்படம் இதில் அழிந்துபோகும். ஆனால் அதன் படிகள் பல நூறு பேரின் கைகளைச் சென்றடையும். இத்தொழிலில் பெற்ற பயிற்சியால், ஒரு கோட்டின் மதிப்பு எத்தகையது என்பதை இளமையிலேயே அவர் உணர்ந்துகொண்டார்.

குருவும் கல்வியும்

1778ஆம் ஆண்டளவில், நாடக நடிகர்களின் படங்களை வரைவதில் பெயர் பெற்ற கட்சுக்காவா ஷுன்ஷோ என்பாரிடம் ஹொக்குசாய் மாணவராகச் சேர்ந்தார். குருவின் மறைவுக்குப் பின்னர் அக்குழுவை விட்டு விலக நேர்ந்தது. பிறர் சோர்ந்துவிடும் அந்நிலையில், அவர் புதிய கல்வியைத் தேடிச் சென்றார். ஜப்பானிய ஓவிய மரபுகள் பலவற்றையும், சீன ஓவிய முறையையும் பயின்றார். தொலைவில் உள்ளவற்றைச் சிறிதாகவும் அருகில் உள்ளவற்றைப் பெரிதாகவும் காட்டும் ஐரோப்பிய முறையையும் கற்றார்.

தம் வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட புனைபெயர்களை அவர் சூட்டிக்கொண்டார். பழைய பெயர்கள் சிலவற்றைத் தம் மாணவர்க்கே வழங்கிவிட்டார். 'ஓவியப் பித்தர்' என்னும் பொருள்படும் பெயரும் அவற்றுள் ஒன்று. அப்பெயர் அவருக்கு மிகவும் பொருத்தமானதே. வீட்டைத் துப்புரவு செய்யவும் நேரம் ஒதுக்காமல் வரைந்துகொண்டே இருப்பாராம். வீட்டில் குப்பை பெருகியதும் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்து விடுவாராம். இவ்வாறு 93 முறை வீடு மாறினார் என்று சொல்லப்படுகிறது.

வரையக் கற்பித்த நூல்கள்

அந்நாளில் பெரும் ஓவியக் குடும்பங்கள் தத்தம் மாதிரிப் படங்களைத் தம் மாணவர்க்கு மட்டுமே காட்டி வந்தன. குருவின் படத்தைப் பன்முறை பார்த்து வரைவதே பயிற்சியாக இருந்தது. குருவை அடைய இயலாத ஏழைச் சிறுவனோ, தொலைவில் வாழ்ந்தவனோ, எத்துணை ஆர்வம் உடையவனாயினும் அக்கலையைக் கற்றல் அரிது. வாடகை நூற்கடையில் வேலை பார்த்த ஹொக்குசாய், அத்தகையோருக்கு நூலே குருவாக முடியும் என்பதை நன்கு அறிந்திருந்தார்.

1812ஆம் ஆண்டு, எளிய முறையில் விரைவாக வரையக் கற்பிக்கும் சிறுநூல் ஒன்றை அவர் வெளியிட்டார். எப்பொருளையும் வட்டங்களாகவும் சதுரங்களாகவும் பிரித்துப் பார்த்தால் அதனை எளிதில் வரையலாம் என்று அந்நூல் காட்டியது. ஒரு பக்கத்தில் வட்டங்களின் அமைப்பும் அதனருகே முழு உருவமும் இருக்கும். தொடங்குவோர்க்கு இதனினும் தெளிவான வழி ஏது?

அதே ஆண்டில் நகோயா நகருக்குச் சென்ற அவர், தம் மாணவர் ஒருவரின் இல்லத்தில் தங்கி முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். அவற்றைத் தொகுத்து 1814ஆம் ஆண்டு அந்நகரத்துப் பதிப்பாளர் வெளியிட்ட நூலே 'ஹொக்குசாய் மங்கா'. மனம் போன போக்கில் வரைந்த பலவகைப் படங்கள் என்பது அன்று அச்சொல்லுக்கு இருந்த பொருள். அதில் தொடர்கதை இல்லை. ஒரே நூலாகத் தொடங்கியது, மக்களின் பேராதரவால் 1819க்குள் பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது. முடிவில் 15 தொகுதிகளும் ஏறத்தாழ 4000 படங்களும் ஆயின. கடைசித் தொகுதி அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1878இல் வெளிவந்தது.

அந்நூலைத் திறந்தால் ஓர் உலகமே காட்சி தரும். நெசவு செய்வோர், மற்போர் வீரர், ஆடுவோர், குளிப்போர், பருத்தவர், மெலிந்தவர், பறவை, பூச்சி, மீன், அலை, மழை, பாலம் என யாவும் அதில் உண்டு. யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையும் அங்கே படமாக உள்ளது. ஒரே மனிதன் குனிந்து, நிமிர்ந்து, கை வீசி ஆடும் நிலைகள் அடுத்தடுத்து வரையப்பட்டுள்ளன. விளக்கவுரை மிகக் குறைவு. பார்த்தறிவதே பாடம்.

1817ஆம் ஆண்டு நகோயாவில் மக்கள் திரண்டிருக்க, 120 பாய்களின் பரப்பளவுள்ள தாளில் போதி தருமரின் உருவத்தை அவர் வரைந்து காட்டினார். தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்றவராக மரபு போற்றும் அதே போதி தருமர்தாம் அவர். இந்நிகழ்ச்சியால் நூலின் புகழ் மேலும் பரவியது.

துன்பத்திலும் தளராமை

முதுமையில் ஹொக்குசாய்க்குத் துன்பங்கள் தொடர்ந்தன. நோய் அவரைத் தாக்கியது. 1828இல் மனைவியார் மறைந்தார். பேரனின் கடன்கள் அவரை வறுமையில் ஆழ்த்தின. எனினும் எழுபது வயதை எட்டிய நிலையில், ஃபூஜி மலையைப் பல கோணங்களில் காட்டும் வரிசைப் படங்களைப் படைத்தார். உலகெங்கும் அறியப்பட்ட பேரலை ஓவியம் அவ்வரிசையைச் சேர்ந்ததே. மகள் ஓயியும் சிறந்த ஓவியராக விளங்கி, தந்தைக்குத் துணை நின்றார்.

1839ஆம் ஆண்டு வீடு தீப்பற்றி எரிந்தது. பல்லாண்டுகளாகச் சேர்த்த படங்கள் சாம்பலாயின. ஏறத்தாழ எண்பது வயதில் எல்லாம் இழந்த அவர், மீண்டும் தூரிகையை எடுத்தார். பின்னர்ச் சில ஆண்டுகளில், நாள்தோறும் காலையில் ஒரு சிங்கத்தை வரைவதை வழக்கமாகக் கொண்டார். 1848இல், வண்ணம் தீட்டும் முறையை விளக்கும் நூலை வரையும் ஆர்வமுள்ள இளையோர்க்காக வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 1849இல், தம் 88ஆம் வயதில் இயற்கை எய்தினார். இன்னும் ஐந்தாண்டுகள் வாழ்ந்தால் உண்மையான ஓவியனாகிவிடுவேனே என்று இறுதியிலும் ஏங்கினாராம்.

நாம் கொள்ள வேண்டியவை

ஹொக்குசாயின் நூல்கள் பின்னர் ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்த ஓவியர் பலரைக் கவர்ந்தன. அவர் பிறந்த பகுதியில் 2016ஆம் ஆண்டு அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2024இல் வெளிவந்த ஜப்பானிய ஆயிரம் யென் தாளிலும் அவரது பேரலை இடம்பெற்றுள்ளது.

மாணவர்களே, வரையக் கற்பிக்கும் நூலை வாங்கும்போது இப்பெரியாரை நினைவில் கொள்ளுங்கள். அழகிய அட்டையைக் கண்டு மயங்காதீர்கள். முடிந்த படங்களை மட்டும் காட்டும் நூலைவிட, வட்டமும் கோடும் உருவமாக வளரும் படிகளைக் காட்டும் நூலே தொடங்குவோர்க்கு ஏற்றது. பெரிய கண்களையும் கூந்தலையும் மட்டும் கற்பிக்காமல், கை, கால், நடை, மகிழ்ச்சி, சினம் ஆகியவற்றையும் அது கற்பிக்க வேண்டும். கட்டங்களை அமைத்துக் கதை சொல்லும் முறை அதற்கு அடுத்த படியாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, நூலை மூடிவிட்டுச் சுற்றியுள்ளவற்றைப் பார்த்து வரையுமாறு உங்களைத் தூண்டும் நூலே நல்ல நூல். எத்துணைச் சிறந்த நூலாயினும் நம் கைக்குப் பதிலாக அது வரையாது.

ஜப்பானிய மொழியில் மங்கா என்பது படத்தைக் குறிக்கும். நம் தமிழிலோ, ஒளி குறையாதது என்னும் பொருளைத் தரும். நாள்தோறும் ஒரு படமேனும் வரைந்து பழகுவோம். ஹொக்குசாயைப் போல மங்கா ஊக்கத்துடன் முன்னேறுவோமாக!