அடியில் ஒன்றுமே இல்லாத படகு

ஒரு மோட்டார் படகைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்க. மனசுக்குள்ளதான், காசு ஒண்ணும் ஆகாது. பின்பக்கம் என்ன தெரியுது? ஒரு கால் மாதிரி கீழே நீட்டிக்கிட்டு இருக்கிற கியர் பெட்டி, அதோட நுனியில ப்ரொப்பல்லர். பெரும்பாலான படகுகளில் மிக ஆழத்தில் இருக்கும் உறுப்பு இதுதான். வேகமாகச் சுற்றுவதும், டாலரன்ஸ் இறுக்கமாக இருப்பதும், உடைந்தால் பர்ஸைப் பதம் பார்ப்பதும் இதுதான். பாறையோ மணல் திட்டோ மிதந்து வரும் மரமோ, எது வந்தாலும் முதல் அடி இதுக்குத்தான்.

அடி விழுந்தா என்ன ஆகும்னு கொஞ்சம் யோசிங்க. ஒரு பிளேடு லேசா வளைஞ்சாலே பேலன்ஸ் போச்சு. பேலன்ஸ் போனா அதிர்வு, அதிர்வு வந்தா பேரிங்கும் சீலும் தேயும். சீல் தேய்ஞ்சா கியர் ஆயிலுக்குள்ள தண்ணி. அதாவது இன்னைக்கு ஒரு கல்லுல பட்ட அடிக்கு மூணு மாசம் கழிச்சுக்கூட கியர் பெட்டி சாகலாம். பலமான அடின்னா அவ்வளவு நாள் காத்திருக்கவே வேண்டாம். ப்ரொப்பல்லர் சட்டென்று நிற்கும், இன்ஜினோ அதன் இனர்ஷியாவில் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட கியர் பற்கள்தான் அந்த டார்க் மொத்தத்தையும் வாங்கும்.

இதற்காகத்தான் பழைய அவுட்போர்டு மோட்டார்களில் ஷியர் பின் வைத்தார்கள். சின்ன ஊசி போல ஒரு பின் உடைந்து பெரிய கியரைக் காப்பாற்றும். பிறகு ப்ரொப்பல்லர் நடுவில் ரப்பர் ஹப் வந்தது. 1959-ல் வந்த வால்வோ பென்டாவின் ஸ்டெர்ன் டிரைவ், எதிலாவது முட்டினால் பின்னாடி மேலே தூக்கிக்கொள்ளும். 2005-ல் அதே கம்பெனி கொண்டுவந்த பாட் டிரைவ் இன்னும் ஒரு படி மேலே: பலமான அடி விழுந்தால் பாட் முழுசாகக் கழன்று விழுந்துவிடும், படகின் அடிப்பாகத்தில் ஓட்டை விழாது. கேட்கவே நெஞ்சு பதறுது, ஆனா டிசைனா பார்த்தா நியாயம்தான். படகு முழுகுவதைவிட பாட் போவது மேல்.

இந்த விடைகள் எல்லாமே ஒரே ரகம் என்பதைக் கவனிச்சீங்களா? அடி விழத்தான் போகுது, விழும்போது எது உடையணும்னு இப்பவே முடிவு பண்ணிக்கோ. இன்னைக்கு நான் சொல்லப்போகிற மனுஷன் அந்த வழியில் போகல. அடி விழுற இடத்துல எதையும் வைக்காமல் விட்டால் என்ன என்று கேட்டார்.

பெயர் சார்லஸ் வில்லியம் ஃபீல்டன் ஹாமில்டன். ஊர் உலகத்துக்கு பில் ஹாமில்டன். 1899 ஜூலை 26-ல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஃபேர்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையில் பிறந்தார். நம்மள மாதிரி நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவர் இல்லை. பட்டம் கிடையாது. கையால் செஞ்சு, உடைச்சு, திரும்பச் செஞ்சு கத்துக்கிட்ட ஆள்.

1921-ல், இருபத்திரண்டு வயசு ஆகுறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ, மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மேன் க்ரீக் என்ற பண்ணையை வாங்கினார். டெகாபோ ஏரிக்கும் புகாகி ஏரிக்கும் நடுவில் இருக்கிற இடம். பனிமலை ஒரு பக்கம், புல்வெளி மறுபக்கம், பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாது. கரண்ட் கிடையாது. கரண்ட் வேணும்னா ஓடையில் அணை கட்டணும், அணை கட்ட மண் அள்ளணும், மண் அள்ளுற மெஷின் கையில் இல்லை. சரி என்று மண் அள்ளும் மெஷினையே வடிவமைத்தார். அதை வைத்து அணை கட்டி, அந்த அணையில் இருந்து வந்த மின்சாரத்தில் பண்ணைக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்பை ஓட்டினார். பிறகு அந்த மண் அள்ளும் மெஷினே தனித் தொழிலாக வளர்ந்தது. பொதுவா நாம மெயின் ப்ராஜெக்ட்டை முடிக்கவே திண்டாடுவோம், இவருக்கு சப்-ப்ராஜெக்ட்டே கம்பெனி ஆயிடுச்சு.

நடுவில் கார் பைத்தியம் வேறு. நியூசிலாந்தில் மணிக்கு 100 மைல் வேகத்தைக் காரில் தாண்டிய முதல் ஆள் என்று இவரைச் சொல்வார்கள். 1930-ல் ஒரு பென்ட்லியை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் டிராக்கில் ஓட்டி ரேஸ்கள் ஜெயித்தார். ரெண்டாம் உலகப் போர் நேரத்தில் பண்ணை ஒர்க்‌ஷாப்பில் போர்த் தளவாடங்கள் தயாரானது. போர் முடிந்து வேலை பெருகவே, தொழிற்சாலை கிறைஸ்ட்சர்ச் நகரின் மிடில்டன் பகுதிக்கு மாறியது. பனிச்சறுக்கு மலைகளில் ஆட்களை மேலே இழுக்கும் கயிறு இயந்திரம்கூடச் செய்திருக்கிறார். இதையெல்லாம் ஓட்டமா சொல்லிட்டுப் போறேன், ஏன்னா நமக்கு வேண்டிய கதை அவருக்கு ஐம்பது வயசு தாண்டின பிறகுதான் ஆரம்பிக்குது.

அந்த ஊர் ஆறுகளைப் பற்றித் தெரியாமல் இந்தக் கதை புரியாது. வைட்டாக்கி, ரக்காயா, ரங்கிடாடா, வைமகாரிரி. ஆல்ப்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிற அவங்க மலையில் இருந்து இறங்கி வருகிற ஆறுகள். ஒரே ஆறாக ஓடாது. அகலமான கூழாங்கல் படுகையில் ஜடை பின்னின மாதிரி பல கிளைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடும். ஒரு வெள்ளம் வந்தால் நேற்று இருந்த வழி இன்று இருக்காது. வேகம் பயங்கரம், ஆழமோ பல இடத்தில் கணுக்கால் அளவு. இதில் ப்ரொப்பல்லர் படகை விட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன ஷியர் பின், கியர் பல், சீல் எல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிஞ்சுடும். எதிரோட்டத்தில் போகணும்னா ஃபுல் த்ராட்டில் வேணும், ஃபுல் த்ராட்டில்ல கல்லில் பட்டா டிரைவ் காலி. மெதுவா போனா ஆறு உங்களைத் திருப்பி அனுப்பிடும். அதனால் அந்த ஆறுகளில் யாரும் படகை மேல்நோக்கி ஓட்ட நினைக்கவே இல்லை.

1950-களின் தொடக்கத்தில் ஹாமில்டன் இதைக் கையில் எடுத்தார். தண்ணீரை உறிஞ்சிப் பின்னாடி பீய்ச்சி அடித்து ஓடும் படகு என்ற யோசனை அவருடையது இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சி 1787-லேயே நீராவி பம்ப் வைத்து பொடோமாக் ஆற்றில் அப்படி ஒரு படகை ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஹாமில்டன் காலத்தில் ஹான்லி ஹைட்ரோ-ஜெட் என்று ஒரு அமெரிக்க யூனிட்டும் இருந்தது. ஒரு பம்ப் தண்ணீரை உள்ளே இழுக்கும், படகுக்கு அடியில் திரும்பக்கூடிய ஒரு நாசில் வழியாக வெளியே தள்ளும். ஹாமில்டன் அந்த மாதிரியை எடுத்து மாற்றி, சின்ன பிளைவுட் படகில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். ஓடியது, மணிக்கு 11 மைல் வாக்கில். அந்த ஆற்றுக்கு அது போதாது.

அப்போது அவரிடம் வேலை பார்த்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். நாசிலைத் தண்ணிக்கு அடியில் வைக்காமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் பின்பலகை வழியாக வெளியே விட்டால்? மாற்றினார்கள். வேகம் மணிக்கு 17 மைல் ஆனது.

இங்க கொஞ்சம் நின்னு யோசிக்கணும். நம்மில் பாதிப் பேர், ஜெட் தண்ணிக்குள்ள இருந்தாதான் தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் படகு முன்னாடி போகும் என்று நினைப்போம். இல்லை. தள்ளுவிசை வருவது, நிமிஷத்துக்கு இத்தனை கிலோ தண்ணீரை இந்த வேகத்தில் இருந்து அந்த வேகத்துக்கு முடுக்கியதால். வெளியே போன தண்ணீர் எதில் மோதுகிறது என்பது படகுக்குத் தேவையில்லாத கவலை. மூணாவது செமஸ்டர் மொமென்டம் ஈக்வேஷன் ஞாபகம் இருக்கா? அதேதான். அடியில் துருத்திக்கொண்டிருந்த நாசில் போனதும் அது இழுத்துக்கொண்டிருந்த டிராகும் போனது. வேகம் கூடியது ஒரு லாபம். எனக்கு அதைவிடப் பெரிசா தெரிவது ரெண்டாவது லாபம். படகின் அடிப்பாகம் இப்போது வழுவழுப்பான ஒரு தளம், அதில் தண்ணி உள்ளே போக ஒரு வாய், அவ்வளவுதான். கல்லில் இடிக்க அங்கே ஒண்ணுமே இல்லை. வேகம் பிடித்து நீர்மேல் எழும்பிவிட்டால் நாலு அங்குலத் தண்ணீரில்கூட ஓடும்.

அடுத்த சில வருஷங்களில் பம்பை மாற்றினார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்ப்பில் தண்ணீர் வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கும். ஆக்சியல் பம்ப்பில் ஏறக்குறைய நேராகப் போகும், நிறைய தண்ணீரும் போகும். அந்த யூனிட்டுக்கு வைத்த பெயர் சினூக். எதிரோட்டத்தில் நீந்தி ஏறும் சால்மன் மீனின் பெயர். பெயர் வைக்கிறதுலயும் ரசனையுள்ள ஆட்கள்.

அமெரிக்காவில் இந்தப் படகைக் காட்டி, கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக மேல்நோக்கிப் போவோம் என்றபோது பத்திரிகைகள் கிண்டல் பண்ணின. கீழ்நோக்கி வரவே பல பேர் செத்திருக்கிற ஆறு அது. 1960-ல் ஹாமில்டன் ஜெட் படகுகள் அதைச் செய்து காட்டின. ஒரு படகை ஓட்டியவர் ஹாமில்டனின் மகன் ஜான். லாவா ஃபால்ஸ் போன்ற அருவி மாதிரியான இடங்களில், பாறைகளுக்கு நடுவே, வெள்ளை நுரையின் மேல் ஏறிப் போனார்கள். அதற்கு முன்னும் பின்னும் வேறு எந்தப் படகும் அந்தப் பாதை முழுவதையும் எதிரோட்டத்தில் ஏறியதில்லை.

இப்போ நீங்க கேட்கலாம், இவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாப் படகிலும் ஜெட் இல்லை? நியாயமான கேள்வி. ப்ரொப்பல்லர் நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளும், ஜெட் குறைவான தண்ணீரை வேகமாகத் தள்ளும். ஜெட்டின் வேகத்துக்கும் படகின் வேகத்துக்கும் வித்தியாசம் அதிகமானால் சக்தி வீணாகும். அதனால் மெதுவாகப் போகும் படகில் ஜெட் வைத்தால் டீசலைத் தண்ணீரில் ஊற்றுகிற மாதிரி. இன்னொண்ணு, த்ராட்டிலை விட்டால் ஸ்டியரிங் போச்சு. எதிரில் பாறையைப் பார்த்தவுடன் பயத்தில் வேகத்தைக் குறைப்பவன் நேராகப் போய் அதிலேயே இடிப்பான். ஆபத்து வந்தா ஆக்ஸிலரேட்டரைக் குடு என்பது நம்ம மூளைக்கு விரோதமான பாடம், ஜெட் படகு ஓட்டுநர்கள் அதைத்தான் முதலில் கற்கிறார்கள்.

இடி ஆபத்தும் முழுசாகப் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு முதல் அடி ப்ரொப்பல்லருக்கு, இப்போது படகின் அடித்தகட்டுக்கே. உறிஞ்சும் வாயில் கூழாங்கல், பாசி, கயிறு எல்லாம் போகும். அதைத் தடுக்கக் கம்பிச் சட்டம் வைத்தால் அது அடைத்துக்கொள்ளும். மணல் தேய்த்துத் தேய்த்து இம்பெல்லர் முனைக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி கூடும், அந்த இடைவெளியில் தண்ணீர் திரும்பிக் கசியும், தள்ளுவிசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனாலும் இதில் ஒரு நல்ல விஷயம், வெளியே சுற்றுகிற பிளேடு இல்லாததால் தண்ணீரில் விழுந்தவரை நெருங்கிப் போய்த் தூக்கலாம். மீட்புப் படகுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்ம கோஸ்ட் கார்டின் வேக ரோந்துக் கப்பல்கள் பலவற்றிலும் இன்று வாட்டர்ஜெட்தான் ஓடுது.

ஹாமில்டனிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. வாட்டர்ஜெட்டைத் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. அந்தப் பெருமையை ஆர்க்கிமிடிஸுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இதுல நாவல்டி என்ன என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு அவர் படகு பாஸ் ஆகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பம்ப் பழசு, தத்துவம் பழசு, நாசில் யோசனை வேலைக்காரர் ஒருவருடையது. அவர் செய்தது ஒரு குறிப்பிட்ட ஆற்றில், குறிப்பிட்ட கற்களுக்கு மேலே, அது நிஜமாக ஓடும்வரை விடாமல் இருந்தது. நான் ரிவ்யூ பேனல்ல இருந்தா அதுக்குத்தான் மார்க் போடுவேன். நான் அங்க இல்லைங்கிறது வேற விஷயம்.

1961-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது, 1974-ல் சர் பட்டம். மனைவி பெக்கி 1969-லேயே அவர் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதிவிட்டார்.

கடைசிப் பெரிய பயணம் நம்ம நாட்டில் நடந்தது. எவரெஸ்ட் ஏறிய அதே எட்மண்ட் ஹிலாரி 1977-ல் மூன்று ஹாமில்டன் ஜெட் படகுகளோடு வங்காள விரிகுடாவில் கங்கா சாகரில் இருந்து கிளம்பி, கங்கையில் எதிர்நீச்சல் போட்டு மேலே போனார். படகுகளின் பெயர் கங்கா, ஏர் இந்தியா, கிவி. ஜான் ஹாமில்டனும் கூட இருந்தார். வாரணாசி தாண்டி, ரிஷிகேஷ் தாண்டி, இமயமலைக்குள் அலக்நந்தாவின் வெள்ளை நுரையில் ஏறிப் போய், நந்தபிரயாக் பக்கத்தில் ஒரு அருவி முன்னால் நின்றார்கள். அதுக்கு மேல நடைதான்.

பில் ஹாமில்டன் 1978 மார்ச் 30-ல், 78 வயதில் இறந்தார். கிறைஸ்ட்சர்ச்சில் அவர் பெயரில் இருக்கும் தொழிற்சாலை இன்னைக்கும் வாட்டர்ஜெட் செய்துகொண்டிருக்கிறது.