பழனிக்கே போகாத பாம்பன் சுவாமிகள்



போன மாசம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்தப்போ, வேலையை விட்டுட்டு பழனிக்குப் போயிடலாமான்னு தோணுச்சு. உங்களுக்கும் தோணியிருக்கும். அப்போ எனக்கு பாம்பன் சுவாமிகள் ஞாபகம் வந்தார்.

ராமேஸ்வரத்தில் பிறந்தவர். இயற்பெயர் அப்பாவு. சின்ன வயசுலயே முருகனைப் பாட ஆரம்பிச்சு, மொத்தம் 6666 பாடல்கள். கல்யாணமும் ஆச்சு, மூணு குழந்தைகள். ஆனா மனசு முழுக்க துறவுதான்.

1891-ல் ஒரு நாள், துறவு வாங்க பழனிக்குப் போறேன்னு நண்பர்கிட்ட சொன்னார். முருகன் உத்தரவான்னு நண்பர் கேட்க, ஆமாம்னுட்டார். உத்தரவு எதுவும் வரலை! அன்னைக்கு மதியமே முருகன் கோபத்தோட காட்சி கொடுத்து, நானா கூப்பிடும் வரை பழனிக்கு வரக்கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டார் என்பது அவர் வரலாறு. இத்தனைக்கும் காசுக்காகவோ பதவிக்காகவோ சொன்ன பொய் இல்ல. விடுதலைக்காகச் சொன்னது. முதல்ல படிச்சப்போ, முருகா இது ரொம்ப அதிகம்னு எனக்கு வருத்தமாவே இருந்துச்சு.

அந்த அழைப்பு வரவே இல்ல. 1929 மே 30-ல் சமாதி அடையும் வரை அவர் பழனியில் கால் வைக்கலை. நாம தினமும் படிக்கிற சண்முக கவசம் அதே 1891-ல் அவர் பாடியதுதான்.

மூணு வருஷம் கழிச்சு, ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசையில், சுடுகாட்டுல ஒரு குழி வெட்டி உள்ளே உட்கார்ந்தார். 35 நாள் தவம். பழனிக்கு வராதேன்னு சொன்ன முருகன், அந்தக் குழிக்கே வந்து உபதேசம் பண்ணினார். குடும்பத்தை விட்டு சென்னைக்குக் கிளம்பினது அதுக்கு அப்புறம்தான், 1895-ல். 1923-ல் இதே சென்னையில் குதிரை வண்டி ஏறி கால் முறிஞ்சப்போ, சீடர்கள் சண்முக கவசம் படிச்சாங்க. ஆஸ்பத்திரியிலயே மயில் காட்சி கிடைச்சு, கால் குணமாச்சு.

போன வெள்ளிக்கிழமை திருவான்மியூர் சமாதிக்குப் போக லீவு கேட்டேன். காரணம் எழுதுற இடத்துல உடம்பு சரியில்லைன்னு பழக்கத்துல டைப் பண்ணிட்டேன். அழிச்சுட்டு, கோயிலுக்குப் போறேன்னு போட்டேன்.

லீவு கிடைக்கலை. ஞாயித்துக்கிழமை போனேன்.

ஓம் சரவணபவ!