கியோம் டுப்புயிட்ரன்

கியோம் டுப்புயிட்ரன் (அக்டோபர் 5, 1777 – பெப்ரவரி 8, 1835) பிரான்சு நாட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் உடற்கூற்றியல் அறிஞரும் ஆவார். கைவிரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி, நிமிர்த்த முடியாமற் போகும் நோய் இவரது பெயரால் டுப்புயிட்ரன் சுருக்கம் என அழைக்கப்படுகிறது. மயக்க மருந்து அறியப்படாத காலத்தில், சதைக்குள் வளரும் கால் நகத்தைச் சில நொடிகளில் அகற்றும் முறையைக் கையாண்டவர் என்றும் இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

டுப்புயிட்ரன் லிமோஜ் நகருக்கு அண்மையிலுள்ள பியேர்-புஃபியேர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை ஒரு வழக்கறிஞர். பாரிசு நகரில் வறுமைக்கிடையே மருத்துவம் பயின்றார். 1795 ஆம் ஆண்டில், தமது 18 ஆவது வயதிலேயே, மருத்துவப் பள்ளியில் பாடத்துக்கு வேண்டிய உடல்களை அறுத்து ஆயத்தம் செய்யும் பணியில் அமர்த்தப்பட்டார். இக்காலத்தில் பெற்ற உடற்கூற்று அறிவே இவரது அறுவைத் திறமைக்கு அடித்தளமாக அமைந்தது.

மருத்துவப் பணி

பாரிசின் பழம்பெரும் மருத்துவமனையான ஓட்டல்-தியேவில் பணியிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1812 இல் அறுவை மருத்துவப் பேராசிரியராகவும், 1815 இல் அம்மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் ஆனார். நாள்தோறும் காலையில் நோயாளிகளைப் பார்வையிட்டு, பின்னர் மாணவர்களுக்கு விரிவுரை நிகழ்த்துவது இவரது வழக்கம். 1820 இல் கத்திக்குத்துக்கு உள்ளான பெரி கோமகனுக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் இவரும் ஒருவர். பதினெட்டாம் லூயி, பத்தாம் சார்லசு ஆகிய மன்னர்களுக்கும் அறுவை மருத்துவராக இருந்தார்.

சதைக்குள் வளரும் நகத்துக்கான மருத்துவம்

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையில் அழுந்திப் புண்ணாவதே இந்நோயாகும். இறுக்கமான காலணிகளும், நகத்தின் மூலைகளை ஒட்ட வெட்டும் பழக்கமும் இதற்கு முதன்மையான காரணங்கள். சிறிய நோயாகத் தோன்றினாலும், சீழ் பிடித்தால் நிற்கவோ நடக்கவோ இயலாது. நின்று உழைத்துப் பிழைப்பவர்களுக்கு இது வாழ்வாதாரத்தையே கெடுக்கக்கூடியது.

இவருக்கு முன்பிருந்த மருத்துவர்கள் பல வழிகளைக் கையாண்டனர். 16 ஆம் நூற்றாண்டில் ஆம்புருவாசு பாரே நகத்தின்மேல் வளர்ந்த சதையை வெட்டி நீக்கினார். ஓட்டல்-தியேவில் முன்பு பணியாற்றிய தெசோ, நகத்துக்கும் சதைக்கும் இடையே மெல்லிய தகரத் தகட்டைச் செருகி, சதையை மெதுவாக விலக்க முயன்றார். இத்தகைய முறைகளில் நோயாளி நெடுநாள் துன்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது.

டுப்புயிட்ரன் நீண்ட துன்பத்தைக் குறுகிய துன்பமாக மாற்ற எண்ணினார். நேரான, உறுதியான, கூரிய முனையுடைய கத்தரிக்கோலின் ஓர் அலகை நகத்தின் நடுப்பகுதிக்கு அடியில் வேர்வரை விரைந்து செலுத்தி, ஒரே வெட்டில் நகத்தை இரண்டாகப் பிளப்பார். பின்னர் புண்பட்ட பக்கத்துப் பாதியை இடுக்கியால் பற்றிச் சுருட்டிப் பிடுங்கி எடுப்பார். மறுபக்கமும் பழுதுற்றிருந்தால் அப்பாதியையும் நீக்குவார். மிகுதியாக வளர்ந்த சதையைச் சூட்டுக்கோலால் சுடுவதும் உண்டு. வலி கடுமையானது, ஆனால் விரைவில் முடிந்துவிடும்.

இம்முறையின் குறை, நகத்தை உருவாக்கும் வேர்ப்பகுதி எஞ்சிவிடுவதாகும். மீண்டும் முளைக்கும் நகம் மறுபடியும் சதைக்குள் வளரக்கூடும். வேர்ப்பகுதியே நோயுற்றிருந்தால் அதனையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும் என்று டுப்புயிட்ரன் இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டினார். இக்காலத்தில் விரலை ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்து, அழுந்தும் நகத்தின் ஓரப்பகுதியை மட்டும் அகற்றுகின்றனர். வேரின் அப்பகுதி மீண்டும் முளைக்காதிருக்கப் பீனால் என்னும் வேதிப்பொருளைத் தடவுகின்றனர். நகத்தைப் பிடுங்குவது மட்டும் போதாது, வேரையும் கவனிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஏனைய பங்களிப்புகள்

1831 இல் விரல் சுருக்க நோய்க்கு அறுவை மருத்துவம் செய்து, அது உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள நார்ப்படலம் தடித்துச் சுருங்குவதால் ஏற்படுகிறது என விளக்கினார். தீக்காயங்களை அவற்றின் ஆழத்தைக் கொண்டு ஆறு நிலைகளாக வகுத்தார். கணுக்கால் எலும்பு முறிவின் ஒரு வகையும் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. இவரது விரிவுரைகள் மாணவர்களால் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன.

இறுதிக் காலம்

டுப்புயிட்ரன் கடும் உழைப்பாளி. எனினும் இறுகிய மனமும் பொறாமையும் கொண்டவர் என உடன் பணியாற்றியோர் பலர் கருதினர். அவரது திறமையை எதிரிகளும் மறுக்கவில்லை. 1833 இல் பக்கவாதத்தால் தாக்குண்டார். பின்னர் நுரையீரலைச் சூழ்ந்து நீர் கோத்த நோயினால் 1835 இல் பாரிசில் காலமானார். எண்ணற்றோருக்கு அறுவை செய்த அவர், தமக்கு அந்நீரை வெளியேற்றும் அறுவையை ஏற்கவில்லை என்று கூறப்படுகிறது. அறுவையின் வலியை நீக்கிய ஈதர் மயக்க மருந்தின் பயன்பாடு அமெரிக்காவின் பாசுட்டன் நகரில் வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்டது 1846 இல், அதாவது இவர் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பின்னரே.

நினைவு

நோய்க்கூற்று உடலியல் துறையில் ஒரு பேராசிரியர் பதவியை நிறுவுவதற்காக டுப்புயிட்ரன் 200,000 பிராங்குகளை விட்டுச் சென்றார். அப்பதவியை முதலில் வகித்தவர் அவரது மாணவரான குருவேலியே. 1835 இல் தொடங்கப்பட்ட டுப்புயிட்ரன் அருங்காட்சியகம் 2016 இல் மூடப்பட்டு, அதன் சேகரிப்புகள் பாரிசின் சூசியே வளாகத்துக்கு மாற்றப்பட்டன. எழுத்தாளர் பால்சாக் 1836 இல் வெளியிட்ட கதையொன்றில் வரும் தெப்பிளேன் என்னும் அறுவை மருத்துவர் பாத்திரம் இவரை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டது.