பந்து வீசிய பாலு

1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், கல்கத்தாவில் மோகன் பாகன் கழகத்தார், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் கால்பந்துக் கோஷ்டியை 2-1 என்ற கணக்கில் வென்றனர். அந்த வெற்றியைப் பற்றி நம் வங்காள நண்பர்களிடம் கேட்டால் இன்றும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பேசட்டும்; பேச வேண்டியதுதான். ஆனால் அதே கோடையில், அதே ஆங்கிலேயரை அவர்களுடைய சொந்த மண்ணிலேயே எதிர்த்து ஆட இந்தியாவின் பெயரால் ஒரு கிரிக்கெட் கோஷ்டி கப்பலேறிப் போயிருந்தது என்பதும், பெரும்பாலும் தோற்ற அந்தக் கோஷ்டியில் ஒருவர் மட்டும் தோற்காமல் திரும்பினார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த ஒருவரே பால்வங்கர் பாலு.

பாலு 1876-இல் தார்வாரில் பிறந்தவர். கொங்கணக் கரையில் உள்ள பால்வன் என்னும் ஊர்ப் பெயரே குடும்பப் பெயராயிற்று. தோல் தொழிலுக்கென்று விதிக்கப்பட்டு, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பில் அவர் பிறந்தார். தந்தை இராணுவத்தில் வேலை பார்த்தார்; அதனால் குடும்பம் பூனாவுக்கு வந்தது. அதிகாரிகள் ஆடித் தேய்த்து எறிந்த மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினர்.

பள்ளிப் படிப்பு நீளவில்லை. பூனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில் மைதானத்தைப் பெருக்கி உருட்டும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். பிறகு வெள்ளையர்களின் பூனா ஜிம்கானாவில் நான்கு ரூபாய்க்குச் சேர்ந்தார். உருளையை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது ஆகியவைதாம் வேலை. ஒரு நாள் உறுப்பினர் ஒருவர் தமக்குப் பந்து வீசும்படி சொன்னார். வீசினார். இடக்கையால் மெதுவாக வந்து விழுந்த அந்தப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆடுபவருக்குத் தெரியவில்லை.

அக்காலத்தில் இந்தியாவில் ஆடிய ஆங்கிலேயர்களில் முதல்வர் என்று மதிக்கப்பட்டவர் ஜே. ஜி. கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி. மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் மைதானத்துக்கு வந்துவிடுவாராம். பாலு தம்மை ஒருமுறை வீழ்த்தினால் எட்டணா கொடுப்பாராம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு முறை வீழ்த்தினால் நான்கு ரூபாய், அதாவது ஒரு மாதச் சம்பளம்! பாலுவின் பந்து வீச்சு கூர்மையடைந்ததில் வியப்பென்ன? ஆனால் இந்த நட்புக்கும் ஓர் எல்லை இருந்தது. நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசிய பாலுவை, ஒரு நாளாவது மட்டையைப் பிடித்து ஆடிப் பார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பந்து வீசுவது உழைப்பு. மட்டை பிடிப்பது துரைமார்களின் உரிமை.

வெள்ளைக்காரக் கோஷ்டியை எப்படியாவது வெல்ல வேண்டும் என்ற வேட்கை அப்போது பூனாவின் இந்துக் கழகத்தாருக்கு இருந்தது. வெல்வதற்குரிய ஆள் அவர்கள் கண்ணெதிரே உருளை இழுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவரைத் தொடலாகாது! கழகத்தில் இருந்த தெலுங்கர் சிலர் பாலுவைச் சேர்க்க வேண்டும் என்றனர். உள்ளூர் அந்தணர்கள் தயங்கினர். முடிவில் வெற்றியின் ஆசை ஆசாரத்தின் அச்சத்தை வென்றது. பாலு சேர்க்கப்பட்டார். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தது. மற்றவர்கள் மண்டபத்துக்குள் சென்று பீங்கான் கோப்பையில் பருகினர். பாலுவுக்கு மட்டும் வெளியே, குடித்தவுடன் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் வந்தது. முகம் கழுவ வேண்டுமானால் தண்ணீர் ஊற்றுவதற்குத் தீண்டாதார் வகுப்பைச் சேர்ந்த வேலையாள் ஒருவர் வருவார்.

பந்து எப்படித் தூய்மையாயிற்று, குவளை எப்படித் தீட்டாயிற்று? நாம் படிக்கும் பௌதிகத்தில் இதற்கு விடை இல்லை.

பாலுவின் விக்கெட்டுகள் பெருகப் பெருகப் பெரியவர்கள் அவரைப் பாராட்ட முன்வந்தனர். அவர்களில் நீதிபதி ரானடேயும் திலகரும் உண்டு. 1896-ஐ ஒட்டிய பிளேக் நோய்க் காலத்தில் அவர் பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்கே இரயில்வேயில் வேலையும் இந்து ஜிம்கானாவில் இடமும் கிடைத்தன. பூனாவைவிடப் பம்பாய் சற்றுத் தாராளமான ஊர். அங்கே உடன் ஆடியவர்கள் உடன் அமர்ந்து உண்ணவும் துணிந்தனர்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினர். வங்கப் பிரிவினை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். சுதேசிக் கிளர்ச்சி மூண்டிருந்த நேரம். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. ஆக, இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றனர். பாலுவும் சிவராமும் அந்தக் கோஷ்டியில் ஆடினர்; கடைசி நாளில் வெள்ளையர்களின் ஆட்டத்தைச் சுருட்டியதில் பாலுவின் பங்கு பெரிது. அக்காலச் சீர்திருத்த இதழ்கள் இந்த வெற்றியை இரண்டு விதமாகக் கொண்டாடின: ஆண்டவரை அடிமை வென்றார் என்பது ஒன்று, சாதியை ஓரளவு தள்ளி வைத்ததால்தான் வெல்ல முடிந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினமான பாடம். முதல் பாடத்தை நாடு உடனே கற்றுக்கொண்டது.

இனி அந்த 1911-க்கு வருவோம். இந்தியக் கோஷ்டி ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பும் எண்ணம் சில ஆண்டுகளுக்கு முன்பே தோன்றி, எந்தச் சமயத்தாருக்கு எத்தனை இடம் என்ற சச்சரவில் மடிந்திருந்தது. 1909-இல் இலண்டனில் மதன்லால் திங்கரா, கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றபின், இந்தியரைப் பற்றி ஆங்கிலேயரிடம் நல்லெண்ணம் உண்டாக்க விரும்பிய செல்வர்கள் அந்த எண்ணத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். எனவே அந்தக் கோஷ்டி புறப்பட்டது போர் செய்வதற்கு அன்று, சமாதானம் செய்வதற்கு. இடங்கள் பங்கு பிரிக்கப்பட்டன: பார்சிகள் அறுவர், இந்துக்கள் ஐவர், முஸ்லிம்கள் மூவர். தலைவர், பத்தொன்பது வயது நிரம்பிய பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். இந்துக்கள் ஐவரில் பாலு, சிவராம் இருவரும் அடக்கம். விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற சேஷாச்சாரி நம் சென்னைக்காரர் என்பதில் நாமும் கொஞ்சம் மகிழ்ந்துகொள்ளலாம். சென்னை வைணவர் ஒருவர் விக்கெட்டின் பின்னே குனிந்து நிற்க, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர் எதிர்முனையிலிருந்து பந்து வீசுகிறார். 1911-இல் இந்தக் காட்சியைக் காண இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருந்தது!

மகாராஜா சில ஆட்டங்களோடு கோஷ்டியை விட்டுவிட்டு, முடிசூட்டு விழா, விருந்து, உபசாரம் என்று போய்விட்டார். கோஷ்டியின் சிறந்த மட்டையாளர்களில் ஒருவரான மிஸ்திரியையும் உடன் அழைத்துப் போனார். மழையும் குளிரும் பழக்கமில்லாத ஆட்டக்காரர்கள் தொடர்ந்து தோற்றனர். முதல் தர ஆட்டங்கள் பதினான்கில் வெற்றி 2, தோல்வி 10, முடிவின்றி நின்றவை 2. அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று லீஸ்டர்ஷயரை எதிர்த்துக் கிடைத்தது. அங்கே பாலுவின் பந்து வீச்சே ஆட்டத்தை முடித்தது. மற்றொன்றில், சாமர்செட்டை ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க வென்றபோது, சதமடித்து நின்றவர் தம்பி சிவராம். சுருங்கச் சொன்னால், இந்தியா என்ற பெயருக்கு இங்கிலாந்து மண்ணில் கிடைத்த முதல் வெற்றிகள் ஒரே வீட்டுப் பிள்ளைகளால் கிடைத்தவை. அந்த வீட்டாருக்கு நம் நாட்டில் எத்தனை கோயில்களின் கதவு திறந்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அப்போது பாலுவுக்கு வயது முப்பத்தைந்து. தோள்வலி வேறு. அப்படியும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார்; விக்கெட் ஒன்றுக்குக் கொடுத்த ஓட்டங்களின் சராசரி பத்தொன்பதுக்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட். மழை பெய்தால் ஆடுகளத்தை மூடி வைக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. நனைந்த களம் வெயிலில் காயும்போது பந்து பற்றிக்கொண்டு துள்ளித் திரும்பும். மெல்ல வீசும் இடக்கையாளருக்கு அது பொற்காலம். யார்க்‌ஷயரின் வில்பிரட் ரோட்ஸ் அதில் மன்னர். பாலுவை இந்தியாவின் ரோட்ஸ் என்றனர். மற்ற ஆட்டக்காரர்கள் களத்தைப் பார்த்தார்கள். பாலு அதைப் பெருக்கியும் உருட்டியும் வளர்ந்தவர். மண்ணின் ஈரத்தைக் காலால் அறிந்தவருக்குப் பந்தை எங்கே போட வேண்டும் என்பது கைக்குத் தெரியாமலா போகும்? இது என் ஊகமே.

தாயகம் திரும்பியவரைப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி வரவேற்றனர். அவ்வரவேற்பு இதழை எழுதியவர் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பீமராவ் அம்பேத்கர் என்று சொல்வார்கள். அந்த வயதில் அவருக்கும் அவர் தோழர்களுக்கும் பாலுவைவிடப் பெரிய வீரர் வேறு யார் இருந்திருக்க முடியும்?

ஆனால் இந்துக் கோஷ்டியின் தலைமை பாலுவுக்கு வரவில்லை. அவருக்கு இளையவரான எம். டி. பாய் தலைவரானார், அந்தப் பெருந்தகை, இந்தப் பதவி மூத்தவரான பாலுவுக்கே உரியது என்று பாராட்டுக் கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டார். 1920-இல் பாலுவைக் கோஷ்டியிலிருந்தே நீக்கினர். நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது, உண்மைதான்; ஆயினும் தலைமையை வேறொருவருக்குக் கொடுக்கும் பேச்சோடு சேர்ந்து அது நடந்தது. தம்பியர் சிவராமும் விட்டலும் சாதியைக் காரணம் காட்டி, பத்திரிகையில் அறிக்கை விட்டு விலகினர். பம்பாயில் பெரும் சர்ச்சை. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பாய் மீண்டும் தலைவராக வந்தார். பாலு உதவித் தலைவரானார். ஆட்டத்தின் நடுவே பாய் சிறிது நேரம் வேண்டுமென்றே களத்தை விட்டு வெளியே போனார். அந்தச் சிறிது நேரம் பாலு இந்துக்களின் தலைவராக இருந்தார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. 1923-இல் விட்டல் முழுத் தலைவராகி, ஐரோப்பியர்களை வென்று காட்டினார். அண்ணன் உருட்டிய களத்தில் தம்பி ஆடினார் என்று சொல்லலாம்.

இதுவரை எனக்குப் பாலுவின் வாழ்வு எளிதாக விளங்கியது. இனிமேல் வருவதுதான் விளங்கிக்கொள்ளக் கடினமானது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வழங்கியது. காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20 முதல் உண்ணாவிரதம் இருந்தார். அம்பேத்கர் தனித்தொகுதி வேண்டும் என்று நின்றார். பாலு எதிர்ப்பக்கம் நின்றார்! சென்னையில் பிறந்த எம். சி. இராஜாவோடு சேர்ந்து, கூட்டுத் தொகுதியை ஏற்கும்படி அம்பேத்கரிடம் வாதாடினார். செப்டம்பர் 24-இல் ஒப்பந்தம் ஆயிற்று. கையொப்பமிட்டவர்களில் பாலுவும் இராஜாவும் உண்டு. எந்த ஊரில் பாலுவுக்கு மண் குவளை நீட்டப்பட்டதோ அந்த ஊரின் பெயராலேயே அந்த ஒப்பந்தம் இன்றும் வழங்குகிறது.

1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ், அம்பேத்கரை எதிர்க்கப் பாலுவையே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. ஒரு காலத்தில் வரவேற்பு இதழ் எழுதிக் கொடுத்தவர் 2,020 வாக்குகளில் வென்றார்.

பாலு ஏன் அப்படிச் செய்தார்? அவரை வெறும் கருவி என்று தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் தம் வாழ்வையே சான்றாகக் கொண்டவர். வாசலில் நிறுத்தியவர்கள் உள்ளே அழைத்ததையும், தனிக் குவளை கொடுத்தவர்கள் உடன் அமர்ந்து உண்டதையும் கண்ணால் கண்டவர். தமக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறக்கும் என்று நம்பியிருப்பார். அம்பேத்கர் கேட்ட கேள்வி வேறு. பாலுவுக்குக் கதவு திறந்தது அவர் கை விக்கெட் எடுத்ததால். விக்கெட் எடுக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் என்ன செய்வது? மனிதனாக இருப்பதற்கு 114 விக்கெட் எடுத்திருக்க வேண்டுமா? நான் அம்பேத்கர் பக்கமே சாய்கிறேன். ஆயினும் பாலுவின் நம்பிக்கையை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

நண்பர்களே, நம் விடுதியில் சர்வதேச ஆட்டம் நடக்கும் இரவுகளில் தமிழர், பஞ்சாபி, வங்காளி என்ற பேதமின்றி ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறோம். மறுநாள் காலை உணவு மேசையில் யார் யாரோடு அமர்கிறார்கள் என்பதையும் ஒருமுறை கவனியுங்கள்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இலார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது அதே 1932 ஜூன் மாதத்தில். பாலுவுக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. முதல் தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21 என்ற எண்களே பதிவேட்டில் அவருக்கு எஞ்சியவை.

பொது விடுதிகளில் ஒருவருக்குப் பாத்திரத்தை மறுப்பதைக் குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பால்வங்கர் பாலு அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பம்பாயில் காலமானார்.