தெருத்தெருவாக நடந்தவர்



சர்வே என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெயில், செயின், ரேஞ்சிங் ராடு, ஃபீல்டு புக், அப்புறம் வைவா! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பேட்ரிக் கெடிஸ் என்ற மாமனிதரைப் பற்றிப் படிக்கும் வரை.

1854-ல் ஸ்காட்லாந்தில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தவர் கெடிஸ். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரே வாரத்தில் விலகினார். லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். கடைசி வரை எந்தப் பட்டமும் வாங்கவில்லை. டிப்ளமோதானே என்று தலைகுனியும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்! 1879-ல் மெக்சிகோ சென்றபோது கண்பார்வை பாதித்து, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். மீண்டு வந்து 1888-ல் டண்டீயில் தாவரவியல் பேராசிரியர் ஆனார்.

1886-ல் அன்னா என்பவரை மணந்தார். வசதியான இடத்தில் வீடு பார்த்தார்களா? இல்லை. எடின்பரோவின் இடிந்த, நெரிசலான பழைய குடியிருப்பு ஒன்றில் போய்க் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு கூட்டினார்கள், வெள்ளையடித்தார்கள், செடி வைத்தார்கள்.

1914-ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைக்க, இந்தியா புறப்பட்டார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்கள் வந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன் கப்பல் மூழ்கடித்துவிட்டது. மனுஷர் அசரவில்லை. நண்பர்கள் மீண்டும் படங்கள் திரட்டி அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பிறகு நம் ஊர்களில் நடக்க ஆரம்பித்தார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெரிசலான பகுதியில் வீடுகளை இடித்து நேர்நேராகத் தெரு போட அதிகாரிகள் திட்டம் வைத்திருந்தார்கள். கெடிஸ் வரைபடத்தோடு சந்து சந்தாகப் போனார். எது பாழடைந்தது, எது பழுது பார்த்தால் நிற்கும், எங்கே காலி மனை, எங்கே கிணறு, எங்கே மரம் என்று பார்த்தார். பாழடைந்த சிலவற்றை மட்டும் எடுத்தாலே காற்றும் வெளிச்சமும் வரும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே வாழலாம் என்று காட்டினார். முதலில் நோயை அறி, பிறகு கத்தியை எடு. இதுதான் அவர் முறை.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் போரில் மாண்டார். அதே ஆண்டு கல்கத்தாவில் மனைவியும் காலமானார். அப்போதும் வேலையை விடவில்லை. பிளேக் வாட்டிய இந்தூரில், எந்தத் தெருக்களில் அதிக வீடுகளைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிறார்களோ, தீபாவளி ஊர்வலம் அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது! 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1932-ல் பிரான்சில் மறைந்தார்.

இதை நான் ஏன் எழுதுகிறேன்? போன லீவில் பழகுவதற்காக எங்கள் தெருவை மேப் போட்டேன். விரிசல் விட்ட சுவர், சரிந்த ஓடு என்றால் சிவப்பு. மூன்று வீடுகளுக்குச் சிவப்பு விழுந்தது. அதில் ஒன்று எங்கள் வீடு! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா கைத்தறி நெய்கிறார். மேப்பை வெகுநேரம் பார்த்துவிட்டு, வீட்டை இடிச்சா தறி எங்கே போகும் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் மூன்று வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தேன். ஒன்று மட்டும்தான் ஆளில்லாமல் பாழாய்க் கிடந்தது. மற்ற இரண்டிலும் தறி ஓடுகிறது. ஓடு மாற்றி, ஒரு சுவரைத் திரும்பக் கட்டினால் போதும். அந்த இரண்டுக்கும் மஞ்சள் அடித்தேன்.

நண்பர்களே, நாளை நம் கையில் வரும் மேப்பில் இருப்பது வெறும் கோடுகள் அல்ல. சிவப்புப் பென்சிலை எடுக்கும் முன் ஒருமுறை வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்!